கலாசாலைப் பேஸ்பால் ஆட்டத்தின் அளவும் அடிப்படை விதிகளும்

எவ்வகை ஆட்டத்திற்கும் தொடக்கம் என ஒன்றும் முடிவு என ஒன்றும் உண்டு. தொடக்கத்தைக் குறித்து எவரும் வழக்காடுவதில்லை. முடிவு எப்போது, யாது கொண்டு அதனை அளப்பது என்பதே ஒவ்வோர் ஆட்டத்தையும் பிறவற்றினின்று வேறுபடுத்திக் காட்டுவது. கால்பந்தாட்டத்தைக் கடிகாரம் முடித்து வைக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தைப் புள்ளிக்கணக்கு முடித்து வைக்கிறது. கிரிக்கெட்டாட்டத்தில் ஒருகால் நாட்களும் ஒருகால் ஓவர்களும் எல்லையாகின்றன. அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் கலாசாலைகளில் மாணாக்கர் பெரிதும் விரும்பி ஆடும் பேஸ்பால் என்னும் தளப்பந்தாட்டமோ, நேரத்தையும் புள்ளியையும் எல்லையாகக் கொள்ளாது, ஆட்டமிழக்கும் தொகையையே எல்லையாகக் கொண்டது. இக்கொள்கை எங்ஙனம் உண்டாயிற்று, அதனால் விளையும் நன்மையும் இடரும் யாவை என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஆடுகளத்தை அறிதல் வேண்டும். ஒரு சதுரத்தை மூலைப்பக்கமாகத் திருப்பி வைத்தாற்போன்ற வடிவுடையது அது. அச்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உண்டு. ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி தொலைவு. அடிப்போன் நிற்கும் மூலையில் நிலத்தோடு பதித்த ஐங்கோண வெண்பலகைக்கு இல்லத்தளம் என்று பெயர். அதன் அகலம் 17 அங்குலம். சதுரத்தின் நடுவே சிறிது உயர்ந்த மேட்டின்மேல் எறிவோன் நிற்பான். அவன் மிதித்து நிற்கும் பட்டைக்கும் இல்லத்தளத்திற்கும் இடைத்தொலைவு 60 அடி 6 அங்குலம். இல்லத்தளத்தினின்று முதல் தளத்தின் வழியாகவும் மூன்றாம் தளத்தின் வழியாகவும் இரண்டு கோடுகள் களத்தின் எல்லை வரையில் நீண்டு செல்லும். அவற்றிற்கு உட்பட்டு விழும் பந்தே செல்லும் பந்து. புறத்தே விழுவது செல்லாப் பந்து. கிரிக்கெட்டில் மட்டையாளன் தன்னைச் சூழ்ந்த எத்திக்கிலும் பந்தைச் செலுத்தலாம். இங்கோ தன் முன்னே உள்ள விசிறி போன்ற பரப்பினுள்ளேயே செலுத்துதல் வேண்டும்.

ஒவ்வோர் அணியிலும் களத்தில் நிற்போர் ஒன்பதின்மர். எறிவோன் எறியும் பந்து நிலத்தில் பட்டு எழாமல் நேரே அடிப்போனை நோக்கி வரும். இல்லத்தளத்தின் அகலத்திற்குள்ளும், அடிப்போனுடைய மார்பின் நடுவிற்கும் முழங்காலிற்கும் இடைப்பட்ட உயரத்திற்குள்ளும் வரும் பந்தை அவன் அடித்தாக வேண்டும். அதனை அடியாது விட்டாலும், அடிக்க முயன்று தவறினாலும், அஃது அவன்மேல் ஒரு குற்றமாகக் கணக்கிடப்படும். இதனை ஸ்டிரைக் என்பர். அவ்வெல்லைக்குப் புறத்தே வந்த பந்தை அடிப்போன் அடியாது விட்டானாயின், அஃது எறிவோன்மேல் ஒரு குற்றமாகும். அடிப்போன் மூன்று குற்றம் பெறின் ஆட்டமிழப்பான். எறிவோன் நான்கு குற்றம் பெறின் அடிப்போன் பந்தைத் தொடாமலே முதல் தளத்திற்கு நடந்து செல்லும் உரிமை பெறுவான். கோட்டிற்கு வெளியே அடிக்கப்பட்ட செல்லாப் பந்தும் அடிப்போன்மேற் குற்றமே. ஆயினும் இரண்டு குற்றங்கள் பெற்றபின் முழுவீச்சில் அடித்த செல்லாப் பந்து மூன்றாவது குற்றமாக எண்ணப்படாது. ஆதலின் பொறுமையுடைய அடிப்போன் ஒருவன், பந்து மேல் பந்தாக வெளியே தட்டிவிட்டு, எறிவோனைச் சோர்வடையச் செய்தலும் உண்டு.

பந்தை அடித்தவன் முதல் தளத்தை நோக்கி ஓடுதல் கட்டாயம். அடித்த பந்து நிலத்தைத் தொடுமுன் ஒருவன் பிடித்துவிட்டால் அவன் ஆட்டமிழப்பான். நிலத்தில் உருண்ட பந்தை எடுத்து, அவன் முதல் தளத்தை அடையுமுன் அத்தளத்தில் நிற்பானுக்கு எறிந்து சேர்ப்பித்தாலும் ஆட்டமிழப்பான். தளங்களுக்கு இடையே ஓடுகையில் பந்தேந்திய கையால் தொடப்பட்டாலும் அவ்வாறே. மூன்று தளங்களையும் முறையே தொட்டு இல்லத்தளம் மீண்டவனே தன் அணிக்கு ஓர் ஓட்டம் ஈட்டியவனாவான். இடையில் எந்தத் தளம் வரை எய்தினும், இல்லம் மீளாதவரையில் அவன் முயற்சி கணக்கில் ஏறாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஓர் அணியின் முதல் அடிப்போன், எறிவோனது நான்கு குற்றங்களால் முதல் தளம் சேர்கிறான் என்று கொள்வோம். இரண்டாமவன் அடித்த பந்து நிலத்தில் உருண்டு, இரண்டாம் தளத்திற்கும் மூன்றாம் தளத்திற்கும் இடையே நிற்பானிடம் செல்கிறது. அவன் அதனை எடுத்து இரண்டாம் தளத்திற்கு எறிய, முதல் தளத்தினின்று ஓடிவந்தவன் ஆட்டமிழக்கிறான். அங்கிருந்து பந்து உடனே முதல் தளத்திற்குப் பறக்க, அடித்தவனும் ஆட்டமிழக்கிறான். ஒரே அடியில் இருவர் வீழ்ந்தனர். மூன்றாமவன் பந்தைத் தொலைவில் அடித்து இரண்டாம் தளம் எய்துகிறான். நான்காமவன் வானுயர அடித்த பந்தைக் களத்தில் நின்றவன் பிடித்துவிடுகிறான். மூவர் ஆட்டமிழந்தமையால் அவ்வணியின் முறை முடிந்தது. இரண்டாம் தளத்தில் நின்றவனுடைய ஓட்டமெல்லாம் வீணே. அவ்வணிக்கு ஓர் ஓட்டமும் இல்லை.

இவ்வாறு ஓர் அணி மூவரை இழக்கும் வரையில் அடித்து, பின்னர் மற்றை அணியும் மூவரை இழக்கும் வரையில் அடித்தால், அஃது ஓர் இன்னிங்ஸ் எனப்படும். முழு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. எனவே ஒவ்வோர் அணிக்கும் 27 இழப்புகள் உரியன. இவ்விருபத்தேழையும் செலவிடுமுன் எவ்வணியும் தோற்றதாகாது என்பதே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. விருந்தாக வந்த அணி முதலில் அடிக்கும். களத்திற்கு உரிய அணி பின்னர் அடிக்கும். ஒன்பதாம் இன்னிங்ஸின் முற்பாதி முடிந்தபோது களத்திற்கு உரிய அணி முன்னணியில் இருந்தால், மேலும் அடிக்க வேண்டுவதில்லை. பிற்பாதியில் அது முன்னேறி வெற்றிக்கு வேண்டிய ஓட்டம் எய்திவிட்டால் ஆட்டம் அப்போதே முடிவுறும். இரு அணிகளும் சமனாக நின்றால், ஒருவர் மிகும் வரையில் பத்தாவது, பதினோராவது என இன்னிங்ஸ் தொடர்ந்துகொண்டே செல்லும். மழையால் ஆட்டம் நின்றுவிடின், ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால் அல்லது களத்திற்கு உரிய அணி முன்னணியில் இருக்க நாலரை இன்னிங்ஸ் முடிந்திருந்தால், அது முறையான ஆட்டமாகக் கொள்ளத்தக்கது.

ஒன்பது என்னும் இவ்வெண் தொடக்கத்திலேயே அமைந்ததன்று. நியூயார்க்கு நகரத்து நிக்கர்பாக்கர் சங்கத்தார் 1845-ஆம் ஆண்டில் எழுதிய விதிகளின்படி, முதலில் 21 ஓட்டம் எய்திய அணியே வென்றதாகும். அஃதாவது முடிவைப் புள்ளியே நிறுவியது. அம்முறையில் ஓர் இடையூறு உண்டு: திறமை மிக்கோர் கூடின் ஆட்டம் விரைவில் முடியும், பந்தைத் தடுப்போர் வல்லவராயின் இருட்டும் வரையில் முடியாது. ஆதலின் 1857-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கூடிய சங்கங்களின் பேரவை ஒன்பது இன்னிங்ஸ் என்று வரையறுத்தது.

ஆயினும் கலாசாலைகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் வேறொரு விதியின்படி ஆடப்பெற்றது. 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி, மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பிட்ஸ்பீல்டு நகரில், ஆம்ஹர்ஸ்ட் கலாசாலையாரும் வில்லியம்ஸ் கலாசாலையாரும் எதிர்த்தாடினர். அவர்கள் கைக்கொண்டது மாசச்சூசெட்ஸ் முறை. அதன்படி ஒவ்வோர் அணியிலும் பதின்மூவர். ஒருவன் ஆட்டமிழந்தாலே அணியின் முறை முடிந்துவிடும். 65 ஓட்டம் எய்தும் வரையில் ஆடுவது என்று உடன்பாடு. ஆம்ஹர்ஸ்ட் 73 ஓட்டமும் வில்லியம்ஸ் 32 ஓட்டமும் பெற்றன. அக்கலாசாலையாரே சதுரங்கத்திலும் எதிர்த்தாடினர். அதிலும் ஆம்ஹர்ஸ்ட் மாணாக்கரே வென்றனர். உடலின் திறத்தையும் அறிவின் திறத்தையும் ஒருங்கே அளந்து பார்த்த அவ்விளைஞரின் கருத்து நம்மால் வியக்கத்தக்கதன்றோ!

இங்கு ஒரு சிறு செய்தி கூறுதல் பொருந்தும். தோல்வியுற்ற அவ்வில்லியம்ஸ் கலாசாலை நம்மவர்க்கு முற்றிலும் அயலானதன்று. 1806-ஆம் ஆண்டில் அக்கலாசாலை மாணாக்கர் ஐவர், மழைக்கு ஒதுங்கி ஒரு வைக்கோற்போர் அருகே கூடிச் செய்த தீர்மானத்தினின்றே, 1810-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் 1816-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கும், 1834-ஆம் ஆண்டில் மதுரைக்கும் வந்து பள்ளிகள் பல நிறுவினர். எனவே பிட்ஸ்பீல்டு களத்தில் நின்ற இளைஞர்க்கும் நமக்கும் இடையே கல்வி வழியாக ஒரு தொடர்பு உண்டு என்க.

நிற்க. இக்காலத்துக் கலாசாலையாட்டம் தொழில்முறையாளர் ஆட்டத்தை அடிப்படை விதிகளில் ஒத்ததே. எனினும் மாணாக்கர் நிலைக்கேற்பச் சில வேறுபாடுகள் உண்டு. தொழில்முறையாளர் மரமட்டையையே கைக்கொள்வர். கலாசாலைகளிலோ 1974-ஆம் ஆண்டு முதல் உலோக மட்டைக்கு இடங்கொடுக்கப்பட்டது. முறிந்துபோகும் மரமட்டைகளை ஓயாது வாங்கும் செலவு அதனால் குறைந்தது. காலஞ்செல்ல அம்மட்டைகளின் வன்மை அளவு கடந்தது. 1998-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலை 21 ஓட்டமும் அரிசோனா மாகாண சர்வகலாசாலை 14 ஓட்டமும் எடுத்தன. கால்பந்தாட்டக் கணக்கோ என்று காண்போர் ஐயுறத்தக்க தொகை இது. எறிவோனுக்கு நேரே திரும்பிப் பாயும் பந்து அரை வினாடிக்கும் குறைந்த நேரத்தில் அவனைச் சேரும் என்பதனை எண்ணினால், ஓட்டத் தொகையினும் பெரிதாகிய அபாயம் விளங்கும். ஆதலின் 2011-ஆம் ஆண்டு முதல், உலோக மட்டையும் மரமட்டை போன்றே பந்தை மீளச் செலுத்துமாறு ஒரு கடுமையான அளவுகோல் விதிக்கப்பட்டது.

ஓடுவோரைப் பற்றியும் கலாசாலை விதி கண்டிப்பானது. இரண்டாம் தளத்தில் இரட்டை இழப்பைத் தடுக்கும் பொருட்டு, அங்கு நிற்பானை மோதி வீழ்த்துதல் கூடாது. ஓடுவோன் சறுக்கினால் தளத்தை நோக்கி நேரே சறுக்குதல் வேண்டும். ஒருமுறை ஆட்டத்தினின்று விலக்கப்பட்டவன் அவ்வாட்டத்தில் மீண்டும் நுழைதல் இயலாது. எறிவோனுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவனை நியமிக்கலாம்; எறிவோன் தானே அடிப்பதிலும் வல்லவனாயின், எறிதலை விட்டொழிந்தபின்னும் அடிப்போனாக நிலைத்திருக்கலாம்.

இனி ஆட்டத்தின் அளவைப் பற்றிய வேறுபாட்டைக் காண்போம். ஒரே நாளில் இரு அணிகள் இரண்டு ஆட்டங்கள் ஆட நேரின், ஒன்பதுக்குப் பதிலாக ஏழு இன்னிங்ஸ் ஆடுதலும் வழக்கம். அப்போது ஒவ்வோர் அணிக்கும் இழப்புகள் 21. இதனினும் பெரிதும் பேசப்படுவது பத்து ஓட்ட விதி. ஏழு இன்னிங்ஸ் முடிந்தபின் ஓர் அணி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்களால் முன்னணியில் நின்றால், ஆட்டம் அவ்வளவில் நிறுத்தப்படும். கலாசாலைக் கூட்டங்கள் பல தம்முள் இசைந்து இதனைக் கைக்கொண்டு வந்தன.

இவ்விதி நேரியதா என்பது ஆராயத்தக்கது. நாம் முன்னர்க் கூறியவாறு, இருபத்தேழு இழப்புகளும் அணிக்கு உரிய செல்வம். கால்பந்தாட்டத்தில் முன்னணியில் உள்ளோர் பந்தைத் தம்முள்ளே தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கிவிடலாம். பேஸ்பாலில் அது நடவாது. எத்துணை முன்னணியில் இருந்தாலும், எதிரிக்குப் பந்தை எறிந்தே தீரவேண்டும். அவனை மூன்று முறை வீழ்த்தியே தீரவேண்டும். தோற்பவனுக்கு இறுதிவரையில் வழி அடைக்கப்படாத ஆட்டம் இது. ஏழாவதில் நிறுத்துவோமாயின், அவ்வணிக்கு உரிய ஆறு இழப்புகளைப் பறித்தவராவோம் என்று சிலர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை உண்டு.

மறுபக்கத்தாரும் வலிய காரணம் காட்டுவர். ஆடுவோர் மாணாக்கர். கலாசாலை முதல் வகுப்பில் ஓர் அணி ஒரு பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். பிப்பிரவரி மாதத்தில் தொடங்கும் பருவம், இறுதிப் போட்டிகளுக்குச் செல்வோர்க்கு ஜூன் வரை நீள்கிறது. அதற்கிடையே பாடமும் பரீட்சையும் உண்டு. இரவெல்லாம் வண்டியேறி ஊர் மீண்டு, காலையில் வகுப்பிற்குச் செல்வோர் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, எறிவோன் கையின் நலம் உண்டு. முடிவு தெளிவாகிவிட்ட ஆட்டத்திற்காக மேலும் சில இளைஞரின் தோளையும் முழங்கையையும் வருத்துதல் தகுமோ?

இவ்வினாவின் கூர்மை 2009-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 30-ஆம் தேதி, ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் சர்வகலாசாலையும் பாஸ்டன் கலாசாலையும் எதிர்த்தாடின. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமன். பத்து, பதினைந்து, இருபது என இன்னிங்ஸ் கடந்தும் எவ்வணியும் மிகவில்லை. நள்ளிரவும் கடந்தது. இருபத்தைந்தாம் இன்னிங்ஸில் டெக்சாஸ் மூன்றுக்கு இரண்டு என வென்றது. ஆட்டம் நீடித்த நேரம் 7 மணி 3 நிமிஷம். கலாசாலையாட்டங்களில் அந்நாள் வரை அத்துணை நீண்டது வேறில்லை. அதில் டெக்சாஸ் அணிக்கு இடையில் எறிய வந்த ஓர் இளைஞர் பதின்மூன்று இன்னிங்ஸ் நின்று, 169 பந்துகள் எறிந்தார். எதிரணியில் எறிந்த ஒருவரும் நூற்றுக்கு மிகுந்த பந்துகள் எறிந்தார். கண்டோர் அவர்தம் உறுதியைப் போற்றினர். ஆயினும், அவ்விளைஞரைத் தடுத்து நிறுத்தியிருத்தல் வேண்டும் என்று இரங்கியோரும் பலர்.

இவ்விரக்கம் காரணமற்றதன்று. பந்தை விசையோடு எறியும்போது முழங்கையின் உட்புறத்துத் தசைநார் பெரும் இழுப்பிற்கு உள்ளாகிறது. அதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வின்றி எறிந்தால் நார் நைந்து அறும். 1974-ஆம் ஆண்டில் பிராங்கு ஜோப் என்னும் வைத்தியர், அறுந்த நாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்து நாரை எடுத்து வைத்து ஒரு சஸ்திர சிகிச்சை செய்தார். அதற்குமுன் அந்நார் அறுந்த எறிவோனது ஆட்டவாழ்வு முடிந்ததாகவே கருதப்பட்டது. சிகிச்சை உண்டு என்பதனால் காயத்தை அசட்டை செய்தல் அறிவுடைமையாகாது. தேறி மீள ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். இதனை உணர்ந்தே, சிறுவர் ஆட்டச் சங்கமாகிய லிட்டில் லீக் 2007-ஆம் ஆண்டு முதல் வயதிற்கேற்ப நாளொன்றுக்கு இத்துணைப் பந்து என்று எல்லை வகுத்தது. 11, 12 வயதுடையோர்க்கு அவ்வெல்லை 85. உயர்நிலைப் பள்ளிகளிலும் 2017-ஆம் ஆண்டு முதல் எறியும் பந்துத் தொகைக்கு எல்லை விதிக்கப்பட்டது. கலாசாலையிலோ அப்பொறுப்பு பெரும்பாலும் பயிற்றாசிரியரின் விவேகத்திற்கே விடப்பட்டுள்ளது.

கடிகாரமும் இவ்வாட்டத்தினுள் மெல்ல நுழைந்துள்ளது. தளங்களில் எவரும் இல்லாதபோது 20 வினாடிக்குள் பந்தெறிதல் வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டில் கலாசாலை விதி கூறியது. தாமதிக்கும் எறிவோன்மேல் ஒரு குற்றமும், தாமதிக்கும் அடிப்போன்மேல் ஒரு குற்றமும் ஏறும். தொழில்முறைப் பெருஞ்சங்கங்கள் 2023-ஆம் ஆண்டில் இம்முறையை மேற்கொண்டபோது, ஓர் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிஷத்தினின்று ஏறக்குறைய 2 மணி 40 நிமிஷமாகக் குறைந்தது. ஆயினும் இக்கடிகாரம் வீண்பொழுதை மட்டுமே குறைக்கிறது என்பதனைக் கருதுக. ஆட்டத்தை முடிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அவ்வதிகாரம் இன்றும் இழப்பின் தொகைக்கே உரியது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, நமக்குத் தோன்றுவது இதுவே. ஆட்டத்தின் எல்லை யாதாயினும், அஃது ஆட்டம் தொடங்குமுன் இருவரும் இசைந்ததாக இருத்தல் வேண்டும். பிட்ஸ்பீல்டில் அறுபத்தைந்து ஓட்டம் என்று இசைந்தனர். ஏழு இன்னிங்ஸும் பத்து ஓட்டமும் என்று முன்னரே இசைந்தார்க்கு அவ்வாறு நிறுத்துதல் இழிவன்று. எவர் உரிமையும் அதனாற் பறிக்கப்படவில்லை. ஆனால், நெடுநேரம் நீளும் ஆட்டத்தில் ஒருவன் தன் உறுதியால் தானே விலக மறுப்பானாயின், அவனை விலக்குதல் அவன் ஆசிரியர் கடன். எறியும் இளைஞன் தன் வலியைச் சொல்லமாட்டான். சொல்லாமை வீரம் என்று எண்ணுவான். அவனுக்காக எண்ணிப் பார்ப்பதற்கே மூத்தோர் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றனர்.

1950-ஆம் ஆண்டு முதல், 2020 ஒன்று நீங்கலாக, ஆண்டுதோறும் ஒமாகா நகரில் அந்நாட்டுக் கலாசாலைகளின் இறுதிப் போட்டி நடைபெற்று வருகிறது. 64 அணிகளுடன் தொடங்கும் போட்டியில் எஞ்சிய எட்டு அணிகள் அங்கே கூடுகின்றன. நம் மாணாக்கர் எவரேனும் அவ்வாட்டத்தைக் காண நேர்ந்தால், ஒன்பதாம் இன்னிங்ஸில் இருவரை இழந்து பின்தங்கி நிற்கும் அணியை உற்றுநோக்குவாராக. அவ்வணிக்கு எஞ்சியிருப்பது ஓர் இழப்பு மட்டுமே. நேரம் எத்துணை என்று அங்கு எவரும் வினவார். அவ்வோர் இழப்பைக் காத்து நிற்குமளவும் அவர்க்குத் தோல்வி இல்லை என்பதனை அறிந்து காண்போர்க்கு, அவ்வாட்டத்தின் சுவை முழுதும் விளங்கும்.